தலைசுற்றலும் கைநடுக்கமும்: ஒரு பொறியாளர் பார்வையில்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நாலு பேருக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் சொன்னார். நான் மெக்கானிக்கல் படித்தவன். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை. மோட்டார், பம்பு, பேரிங் என்று ஏதாவது பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் பேசப் போவது தலைசுற்றலையும் கைநடுக்கத்தையும் பற்றி. "இவன் எப்போ டாக்டர் ஆனான்?" என்று பின்வரிசையில் சிரிப்பது இங்கே கேட்கிறது. நான் டாக்டர் இல்லை. யாருக்கும் மருந்து சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஆனால் சுழல்கிற இயந்திரம் ஏன் அதிர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. தென்னேரியிலிருக்கும் என் அத்தையை அழைத்துக்கொண்டு நரம்பியல் மருத்துவரிடம் ஓராண்டு போய் வந்தபோது, அவர் செய்வதும் ஏறக்குறைய என் வேலைதான் என்று தெரிந்துகொண்டேன். அங்கே கேட்டது, பிறகு தேடிப் படித்தது இரண்டையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கேள்விதான் முதல் கருவி

தொழிற்சாலையில் ஆபரேட்டர் ஓடி வந்து "சார், மிஷின் ஆடுது" என்பார். உடனே ஸ்பேனரை எடுப்பவன் நல்ல மெக்கானிக் இல்லை. முதலில் கேட்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணும்போது ஆடுதா, முழு வேகத்தில் ஆடுதா? லோடு ஏற்றினால் ஆடுதா, சும்மா ஓடும்போதா? எத்தனை நேரம் ஆடி நிற்கிறது? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு: "கடைசியா இதுல என்ன மாத்தினீங்க?" பாதிப் பழுது அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும். இந்தக் கடைசிக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

எங்கள் ஊரில் "தலை சுத்துது" என்று ஒருவர் சொன்னால் அதற்குக் குறைந்தது நாலு அர்த்தம் உண்டு. ராட்டினத்திலிருந்து இறங்கியது போல வீடே சுழல்வது ஒன்று. எழுந்து நின்றதும் கண் இருட்டிக்கொண்டு வருவது இன்னொன்று. உட்கார்ந்தால் ஒன்றுமில்லை, நடந்தால் மட்டும் ஆளைத் தள்ளுவது மூன்றாவது. கவலையாலும் தூக்கம் கெட்டும் தலை கனத்து, கிறுகிறுவென்று இருப்பது நாலாவது. இந்த நாலையும் சேர்த்து "பித்தம் தலைக்கேறிடுச்சு" என்று ஒரே பெயர் வைத்து எலுமிச்சம்பழச் சாறு கொடுத்துவிடுகிறோம்.

நோயாளி சொல்லும் வார்த்தை காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும். ஆகவே இன்றைய மருத்துவர்கள் வார்த்தையைவிட இரண்டு விஷயங்களை அதிகம் நம்புகிறார்கள். எத்தனை நேரம் இருந்தது? என்ன செய்தபோது வந்தது? படுக்கையில் புரண்டதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் ஒரு வகை. நிமிடக் கணக்கிலிருந்து மணிக்கணக்கு வரை தானாக வந்து போனால் ஒற்றைத் தலைவலி, மெனியர் நோய் என்று வேறு பட்டியல். மூளைக்கு ரத்தம் சற்று நேரம் தடைப்பட்டதாகக்கூட இருக்கலாம். நாள் கணக்கில் விடாமல் சுற்றினால் அது இன்னும் வேறு. நின்றால் மட்டும் கண் இருட்டினால், படுக்க வைத்து ஒரு முறையும் எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறையும் பிரஷர் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால் காரணம் அங்கே இருக்கிறது. நடவு நட்டுவிட்டு நிமிரும்போது கண் இருட்டுகிறது என்று சொல்லும் நம் பெண்களில் எத்தனை பேருக்கு நிற்க வைத்துப் பிரஷர் பார்த்திருக்கிறார்கள்?

காதுக்குள் ஒரு ட்யூப் லெவல்

நம் ஒவ்வொரு காதின் உள்ளேயும், ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று அரைவட்டக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றில் திரவம் நிறைந்திருக்கிறது. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் திரவத்தின் அசைவு மூளைக்குத் தெரிந்துவிடும். உங்கள் கைபேசிக்குள் இருக்கும் ஜைரோ செய்யும் வேலைதான் இதுவும். குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பையில் கால்சியம் கார்பனேட்டால் ஆன நுண்ணிய கற்கள் பதிந்திருக்கின்றன. கொத்தனாரின் தூக்குக்குண்டு போல, எது மேல் எது கீழ் என்று சொல்வது அவற்றின் வேலை.

வயதாலோ, தலையில் அடிபட்டோ, சில சமயம் காரணமே தெரியாமலோ இந்தக் கற்களில் சில கழன்று குழாய்க்குள் போய்விடும். கொத்தனார் தண்ணீர் ட்யூப் வைத்து மட்டம் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். ட்யூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டால் மட்டம் பொய் சொல்லும். அதே கதைதான். படுத்தால், புரண்டால், பரண் மேலிருந்து பாத்திரம் எடுக்க அண்ணாந்தால் கல் உருண்டு, தலை சுழல்வதாக மூளைக்குப் பொய்ச் செய்தி போகும். சில நொடிகள் பயங்கரமாகச் சுற்றிவிட்டு நின்றுவிடும்.

காதும் கண்ணும் இப்படிச் சேர்ந்து வேலை செய்வதை விளங்க வைத்தவர்களில் முக்கியமானவர் வியன்னாவின் காது மருத்துவர் ராபர்ட் பாரானி. காதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவும்போது சிலருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் கண் ஒரு பக்கம் துடித்தது. சூடாக இருந்தால் எதிர்ப் பக்கம் துடித்தது. வெப்பத்தால் உள்ளிருக்கும் திரவம் ஓடுகிறது என்று அவர் ஊகித்தார். நாம் தெர்மல் வகுப்பில் படித்த அதே வெப்பச்சலனம்! 1914ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தபோது அவர் ரஷ்யாவில் போர்க் கைதியாக இருந்தார்.

கல் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டியதில்லை. நோயாளியின் தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று சாய்த்துப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தால் போதும். கண் துடிப்பு காட்டிக் கொடுத்துவிடும். டிக்ஸ், ஹால்பைக் என்ற இருவர் 1952இல் இதை விவரித்தார்கள். சிகிச்சை இதைவிட எளிது. தலையை நாலைந்து நிலைகளில் வரிசையாகத் திருப்பினால், குழாயில் மாட்டிய கல் வந்த வழியே வெளியேறிவிடும். அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறை இது. சில நிமிட வேலை. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே குணமாகிறது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. நாம் ட்யூபைத் தட்டிக் குமிழியை வெளியேற்றுவது போலத்தான். ஆனாலும் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் இருப்பார்கள். எந்தக் காது, எந்தக் குழாய் என்றும் தெரிய வேண்டும். ஆகவே பழகிய மருத்துவர் கையால் செய்துகொள்வதே நல்லது.

எப்போது ஓட வேண்டும்?

எல்லாத் தலைசுற்றலும் கல் இல்லை. சுற்றலோடு பேச்சு குழறினால், பொருள் இரண்டாகத் தெரிந்தால், ஒரு கை கால் மரத்தாலோ இழுத்தாலோ, பிடிக்காமல் நிற்கவே முடியாவிட்டால், இதுவரை இல்லாத கடுமையான தலைவலி சேர்ந்து வந்தால், எலுமிச்சம்பழம் தேடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள். அது பின்மூளைப் பக்கவாதமாக இருக்கலாம். இந்த இடத்தில் ஆரம்பப் பக்கவாதத்தை சி.டி. ஸ்கேன் பல நேரம் காட்டாது.

நாள் கணக்கில் விடாமல் சுற்றுபவர்களுக்கு ஒரு கண் பரிசோதனை உண்டு. நோயாளியை மருத்துவரின் மூக்கைப் பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று சிறிது திருப்புவார்கள். கண் வழுக்கிப் போய்த் திரும்பி வந்தால் பழுது பெரும்பாலும் காது நரம்பில். கண் அசையாமல் மூக்கிலேயே நின்றுவிட்டால், தலையும் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தால், மூளையைச் சந்தேகிக்க வேண்டும். சோதனை சரியாக இருந்தால் பயப்பட வேண்டிய விநோதமான இடம் இது. இதையும் இன்னும் இரண்டு கண் சோதனைகளையும் சேர்த்து 2009இல் அமெரிக்காவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவரின் கண் பார்வை, முதல் இரண்டு நாளில் எடுத்த எம்.ஆர்.ஐ. ஸ்கேனையே முந்தியது.

நடுக்கமும் ஒரே நோய் அல்ல

இனி என் சொந்தத் துறையான அதிர்வுக்கு வருகிறேன். கை நடுங்கினால் உடனே "நடுக்குவாதம், பார்க்கின்சன்" என்று ஊர் முடிவு கட்டிவிடும். மருத்துவர் கேட்பது வேறு: கை சும்மா இருக்கும்போது நடுங்குகிறதா, வேலை செய்யும்போதா?

காஞ்சிபுரத்துத் தறிக்காரர் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணையில் உட்கார்ந்து கதை பேசும்போது மடியில் கிடக்கும் வலது கை மட்டும், மாத்திரை உருட்டுவது போல நொடிக்கு 4 முதல் 6 தடவை ஆடுகிறது. தறியில் இறங்கி நாடாவைக் கையில் எடுத்ததும் அடங்கிவிடுகிறது. இது பார்க்கின்சன் நோயின் சாயல். அதோடு அசைவுகள் மந்தமாகும். நடக்கும்போது ஒரு கை வீசாது. கையெழுத்து சிறுத்துப் போகும். முகத்தில் பாவம் குறையும். நடுக்கமே இல்லாமல் மந்தமும் விறைப்புமாகவும் இந்நோய் வரும். பல வருடம் முன்பே வாசனை தெரியாமல் போவதும் மலச்சிக்கலும் முன்னோட்டமாக வந்திருக்கலாம்.

இன்னொருவருக்கு நேர்மாறு. சும்மா இருந்தால் ஒன்றுமில்லை. காபி டம்ளரைப் பிடித்தால், கையெழுத்துப் போட்டால், ஊசியில் நூல் கோத்தால் இரண்டு கையும் நடுங்குகிறது. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான்" என்பார். இது வேறு வகை. பார்க்கின்சனைவிட அதிகம் காணப்படுவது. மருந்தும் வேறு. இவருக்குக் கொடுக்கும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரருக்கு ஆகாது. இது தவிர தைராய்டு மிகுந்தாலும் கை நடுங்கும். மூச்சிரைப்பு மருந்தாலும் நடுங்கும்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இளம் வயதில் நடுக்கமோ, பேச்சுக் குழறலோ, கை கால் முறுக்கலோ வந்தால் "படிப்புக்குப் பயந்து நடிக்கிறான்" என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் அது வரும். சொந்தத்தில் கல்யாணம் செய்யும் நம் பக்கத்தில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். கருவிழி ஓரத்தில் செம்பு வளையம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். ரத்தம், சிறுநீர் சோதிப்பார்கள். சீக்கிரம் பிடித்தால் மருந்தாலேயே கட்டுப்படும்.

ஏரி வற்றியதா, மதகு அடைத்ததா?

எங்கள் ஊரைப் பெயராக்கியதே ஏரிதான். திரையன் ஏரி என்பதே தென்னேரி ஆயிற்று என்பார்கள். அந்த ஏரியை வைத்தே இதைச் சொல்கிறேன். மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு இடத்திலுள்ள செல்கள் டோபமின் என்ற ரசாயனத்தைச் சுரக்கின்றன. அசைவு எனும் வயலுக்கு அதுதான் தண்ணீர். பார்க்கின்சன் நோயில் அந்த ஏரியே கொஞ்சம் கொஞ்சமாக வற்றுகிறது. கை நடுங்கத் தொடங்கும்போதே பெரும் பகுதி செல்கள் போயிருக்கும். ஆனால் இன்னொரு நிலையும் உண்டு. ஏரி நிறையத் தண்ணீர் இருக்கிறது. யாரோ மதகுக்குக் குறுக்கே பலகை போட்டுவிட்டார்கள். வயலிலிருந்து பார்ப்பவனுக்கு இரண்டும் ஒன்றுதான், பயிர் வாடுகிறது. ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்தவனுக்குத்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தப் பலகை பெரும்பாலும் ஒரு மாத்திரை. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கும் தலைசுற்றலுக்கும் கொடுக்கும் ஃப்ளுனரிசின், வாந்திக்கும் சுற்றலுக்கும் கொடுக்கும் புரோக்ளோர்பெரசின், வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனநோய்க்கான சில மருந்துகள் எல்லாம் டோபமின் போய்ச் சேரும் இடத்தை மறிக்கக் கூடியவை. தென் அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் 1980களிலேயே மருத்துவர்கள் இதை எழுதி எச்சரித்தார்கள். முதியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, ஆபத்து அதிகம். இந்த மருந்துகள் கெட்டவை அல்ல. சில நாளுக்கு என்று கொடுத்ததை வருடக் கணக்கில் விழுங்குவதுதான் வினை.

என் அத்தைக்கு நடந்தது இதுதான். படுக்கையில் புரண்டால் சுற்றுகிறது என்று போனார். பத்து நாளைக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சுற்றல் அடங்கியது. மறுபடி வந்தபோது பழைய அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்கினார்கள். அது வழக்கமாகி இரண்டு வருடம் ஓடியது. இடையில் அத்தையின் நடை குறுகியது. கை நடுங்கியது. களத்துமேட்டில் பத்துப் பேரை வேலை வாங்கிய மனுஷி, கூடத்து மூலையில் உட்கார்ந்தபடி சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. "மருமக மேல ஏதோ வருத்தம்" என்று ஊரார் பேசினார்கள். "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்றார் மாமா.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவுக்கு அழைத்துப் போனோம். ஸ்கேன் படங்களை ஒரு கட்டாக எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அந்த அம்மையார் அவற்றை ஓரமாக வைத்துவிட்டு, "பாட்டி சாப்பிடுற எல்லா மாத்திரையையும் மேசை மேல கொட்டுங்க" என்றார். பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரை, வாயு மாத்திரைக்கு நடுவிலிருந்து ஓர் அட்டையை மட்டும் உருவி எடுத்தார். "இதை எத்தனை வருஷமா சாப்பிடுறாங்க?" என்று கேட்டார். "கடைசியா என்ன மாத்தினீங்க?" என்று நான் ஆபரேட்டரிடம் கேட்கும் அதே கேள்வி!

அந்த மாத்திரையை நிறுத்தினார். உடனே ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் மாதம் நடுக்கம் குறைந்தது. ஐந்தாம் மாதம் தானே தண்ணீர்க் குடம் தூக்கினார். எல்லாருக்கும் இப்படி முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு அடியில் உண்மையான பார்க்கின்சன் நோயே ஒளிந்திருக்கும். பலகையை எடுத்த பிறகு அது வெளியே தெரியும். அத்தைக்கு அப்படி இல்லை. ஆரம்பத்தில் வந்த சுற்றல்? அது காதுக் கல். தலையைத் திருப்பிச் சில நிமிடத்தில் சரி செய்தார்கள்.

பூனைக்காலியும் சர்ப்பகந்தியும்

ஏரியே வற்றியவர்களுக்கு வழி இல்லையா? உண்டு. அந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு இருக்கிறது. வேலியோரம் படரும் பூனைக்காலியை உங்களுக்குத் தெரியும். காய் மேலே பட்டால் அரிப்பு உயிரை எடுக்கும். அதன் விதையிலிருந்து லெவோடோபா என்ற பொருளை, சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தைச் சேர்ந்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பிரித்தெடுத்து 1937இல் வெளியிட்டார்கள். அதனால் எந்த நோய் தீரும் என்று அன்று உலகில் யாருக்கும் தெரியாது. 1957இல் ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரெசர்பின் கொடுத்தார். அது நம் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுத்த மருந்து. முயல்கள் அசைவற்றுப் படுத்துவிட்டன. டோபாவை ஏற்றியதும் எழுந்து ஓடின. இந்த வழியில் நடந்த ஆராய்ச்சிக்காக அவர் 2000இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1967இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சியாஸ் மனிதர்களுக்கு அதிக அளவில் கொடுத்து வெற்றி கண்டார். இன்றும் பார்க்கின்சன் நோய்க்கு முதன்மையான மருந்து லெவோடோபாதான்.

அதற்காகப் பூனைக்காலி விதையை அரைத்துக் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். விதைக்கு விதை அளவு மாறும். மாத்திரையில் மருந்து மூளைக்குப் போய்ச் சேரும்படி கார்பிடோபா என்ற துணைப்பொருளும் இருக்கிறது. மாத்திரைக்கும் நேரம் முக்கியம். பருப்பு, முட்டை, பால் போன்ற புரத உணவு அது உறிஞ்சப்படுவதற்குப் போட்டியிடும். ஆகவே சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடச் சொல்வார்கள்.

வருடங்கள் போய் மருந்தின் பலன் ஏறி இறங்கத் தொடங்கினால் அறுவை சிகிச்சையும் உண்டு. 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி நரம்பியல் அறுவைப் பிரிவைத் தொடங்கினார். 1960களில் அங்கே டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர்களில் ஒருவரான டாக்டர் டி.எஸ். கனகா ஆகியோர் அவரோடு சேர்ந்து, மண்டையில் சட்டகம் பொருத்தி, நீளம் அகலம் உயரம் என்று மூன்று அளவில் புள்ளி குறித்து, மூளையின் உள்ளே ஊசி முனையளவு இடத்தில் சிகிச்சை செய்தார்கள். சி.டி. ஸ்கேன் உலகில் பிறக்காத காலம். எக்ஸ்ரே ஒன்றுதான் துணை. நம் சி.என்.சி. இயந்திரம் செய்யும் கணக்கை மனிதக் கையால் செய்தவர்கள். பிறகு 1987இல் பிரான்சின் பெனாபிட், நொடிக்கு நூறு தடவைக்கு மேல் மின்துடிப்பு கொடுத்தால் நடுக்கம் அடங்குவதைக் கண்டார். அதிலிருந்து, மார்புத் தோலுக்கடியில் பேஸ்மேக்கர் போன்ற கருவி வைக்கும் முறை வளர்ந்தது. செலவு பல லட்சம். எல்லா நோயாளிக்கும் பொருந்தாது. ஆனாலும் அசையாமல் கிடந்தவர் எழுந்து நடப்பது அதனால் முடிந்திருக்கிறது.

நாம் செய்யக் கூடியவை

நண்பர்களே, இந்தச் சாதனை எல்லாம் பெரிய மருத்துவமனையில் நடப்பவை. நம் வீட்டில் நடக்க வேண்டியவை மிகச் சின்னவை.

ஒன்று, இந்த முறை ஊருக்குப் போனதும் அப்பா அம்மாவின் மாத்திரைப் பையைத் திறந்து பாருங்கள். எது, எதற்கு, எப்போதிருந்து என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளோடும் பையோடும் டாக்டரிடம் போங்கள். சந்தேகம் வந்தால் கேளுங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். மனநோய் மருந்தையோ பார்க்கின்சன் மருந்தையோ திடீரென்று நிறுத்தினால் பெரிய ஆபத்தாகும்.

இரண்டு, தலைசுற்றல் வந்தால் நேரம் குறித்து வையுங்கள். எத்தனை நொடி, என்ன செய்தபோது? நடுக்கத்தையும் நடையையும் கைபேசியில் ஒரு நிமிடம் படம் எடுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது பல நேரம் நடுக்கம் ஒளிந்துகொள்ளும்.

மூன்று, பழைய அட்டையைக் காட்டி மருந்து வாங்கும் பழக்கத்தை நம் வீட்டில் நிறுத்துவோம்.

நான்கு, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். வருடா வருடம் நடத்தும் மருத்துவ முகாமுக்கு வருகிற முதியவர்களைச் சாப்பிடும் மாத்திரைகளோடு வரச் சொல்லி அறிவியுங்கள். நின்றபடி பிரஷர் பார்க்க ஒரு மேசை போடுங்கள். பட்டியல் எழுத நம் மாணவர்கள் போதும். வாலாஜாபாத், உத்திரமேரூர் பக்கத்து ஊர்களுக்கு வருவதற்கு நானும் தயார். என் ஞாயிற்றுக்கிழமைகளைத் தருகிறேன்.

மூலையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைப் பார்த்து "வயசாயிடுச்சு" என்று சொல்லும் முன், மதகில் பலகை கிடக்கிறதா என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிடுவோம்.